பூவா, தலையா, பிழையா?

எலெக்ட்ரானிக் சிட்டியில் பேங்க் ஆபீசர் என்று தெரிந்தால் போதும், நம்மூர்க் குடும்பங்களில் சில்லறை டப்பாவைக் கொட்டி, "அண்ணா, இதுல எது லட்ச ரூபாய்க்குப் போகும்?" என்கிறார்கள். வாட்ஸப் உபயம் :-)

முதலில் பிழை இல்லாதவை. 1985 ஒரு ரூபாய் சிலவற்றில் 'எச்' எழுத்து இருக்கும். அது இங்கிலாந்தில், பர்மிங்காமில் அடித்தது. அப்போது கடும் சில்லறைத் தட்டுப்பாடு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் மின்ட்டுகள் போதாமல் அரசு வெளிநாட்டில் அடித்து வாங்கியது. நொய்டா மின்ட் 1988ல்தான் வந்தது. இன்றைய காசில் வருஷத்துக்குக் கீழே வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. புள்ளி வைத்த 'அபூர்வ' காசு எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது. பத்து ரூபாயில் 10 கோடா 15 கோடா என்பதும் டிசைன் வித்தியாசம்தான். 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது.

டிசைனே தப்பாகப் போன கதையும் உண்டு. 1911ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது. வெளியே விடாமல் இருந்ததையெல்லாம் உருக்கிவிட்டு, 1912ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று இன்றும் தேடுகிறார்கள். ஆனால் இதிலும் தப்பு படம் வரைந்தவருடையது. மின்ட் இயந்திரம் ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறது!

அப்போ நிஜப் பிழை எது? மின்ட்டுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். காசின் மேலும் கீழும் விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கம் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. ஓரம் வெட்டுப்பட்ட காசு என்றால், வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். தகட்டிலேயே குறை இருந்திருந்தால் எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். அரம் போட்டு அறுத்ததில் அது கூர்மையாகவே நிற்கும். சிங்கம் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் குழிந்து கண்ணாடி பிம்பம் போலவும் வந்தால் விசேஷம்: முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்ததில் பதிந்தது. இரண்டு காசை வைத்துச் சுத்தியலால் அடித்தும் இதைச் செய்கிறார்கள். அதில் மறுபக்கம் நசுங்கியிருக்கும்.

இவ்வளவு ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், சாஃப்ட்வேர்காரன், ஐந்து ரூபாய்க் காசை 'விற்க'ப் போய் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று நாலு தவணை கட்டிவிட்டு வந்தான். ரசீதில் ரிசர்வ் வங்கி முத்திரை வேறு! தன் பெயரைச் சொல்லி யாராவது பழைய காசுக்குக் கமிஷனோ வரியோ கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருந்தது. அந்தக் காசையும் பார்த்தேன். நொய்டா புள்ளி.

டிஸ்கி: என்னிடம் காட்டும் முன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் சீந்த மாட்டார்கள்.