காப்பு நாடா

அலுவலக சர்வர்களில் உள்ள தரவுகளின் நகலை எழுதிச் சேமித்து வைக்கும் காந்த நாடா காப்பு நாடா எனப்படும். கணினித் துறையினர் இதை பேக்கப் டேப் என்றே சொல்கிறார்கள். நாடா, அதில் எழுதவும் படிக்கவும் உதவும் டிரைவ், எதை எப்போது நகலெடுப்பது என்று கவனித்துக்கொள்ளும் மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காப்பு அமைப்பு. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு ஏற்பாட்டைப் பலர் பேக்கப் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் ரெய்டின் பயன். கைதவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒருசேரப் போய்விடும்.

தோற்றம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் 1928இல் காந்த நாடாவை உருவாக்கினார். சிகரெட்டின் முனைக் காகிதத்தில் உலோக நிறப் பட்டை பதிக்கும் முறையை அதற்கு முன்பே கண்டறிந்திருந்தவர் அவர். அந்த அனுபவத்தைக் கொண்டு மெல்லிய காகிதத்தின் மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசையால் ஒட்டினார். இதன் உரிமையை 1932இல் ஏஇஜி நிறுவனம் பெற்றது. பிஏஎஸ்எஃப் நிறுவனம் காகிதத்தைக் கைவிட்டு செல்லுலோஸ் அசிட்டேட்டில் நாடா செய்தது. இரண்டின் கூட்டு முயற்சியான மேக்னெட்டோஃபோன் கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அப்போது நாடாவின் வேலை ஒலிப்பதிவு மட்டுமே.

கணினிக்கு நாடா வந்தது 1951இல். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குத் தரப்பட்ட யூனிவாக் கணினியின் யூனிசர்வோ டிரைவில் ஓடியது பிளாஸ்டிக் அல்ல. நிக்கல் பூசிய பாஸ்பர் வெண்கலப் பட்டை. அரை அங்குல அகலம், 1,200 அடி நீளம், ஓர் அங்குலத்துக்கு 128 பிட் அடர்த்தி. அந்த அரை அங்குல அகலம் இன்றைய சர்வர் நாடாவிலும் தொடர்வது வியப்புக்குரியது.

1952 மே 21 அன்று ஐபிஎம் தன் 701 கணினியையும் அதனுடன் 726 என்ற நாடா டிரைவையும் அறிவித்தது. இதில் பிளாஸ்டிக் நாடா வினாடிக்கு 75 அங்குலம் ஓடியது. ஒரு ரீலில் சுமார் 20 லட்சம் இலக்கங்கள் அடங்கின. பொறியாளர்களுக்குத் தலைவலி கொடுத்தது வேகமல்ல, நாடாவை நிறுத்துவதும் மறுபடி கிளப்புவதும்தான். கனத்த ரீல் சட்டென்று நிற்காது, நிறுத்தினால் நாடா அறுந்துவிடும். ஜேம்ஸ் வைடன்ஹாமரும் அவருடைய சகாக்களும் இதற்கு வழி கண்டார்கள். ரீலுக்கும், நாடாவில் எழுதிப் படிக்கும் பாகமான தலைக்கும் நடுவே நீண்ட குழல் ஒன்றை வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினார்கள். நாடா அந்தக் குழலுக்குள் வளையமாகத் தொங்கியது. தலைக்கு முன்னால் உள்ள நாடா சில மில்லி வினாடிகளில் நின்று கிளம்ப, ரீல் தன் போக்கில் மெல்லச் சுழன்று வளையத்தை நிரப்பிக்கொண்டது. பழைய திரைப்படங்களில் கணினி என்றால் அலமாரி உயரப் பெட்டியில் விட்டுவிட்டுச் சுழலும் ரீல்களைக் காட்டுவார்களே, அந்தச் சுழற்சிக்குக் காரணம் இக்குழல்தான்.

1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தபோது, நாடாவின் நீளவாக்கில் பிட்டுகள் பதியும் தடங்கள் 7இலிருந்து 9 ஆயின. அடர்த்தி அங்குலத்துக்கு 800, பின்பு 1,600, பிறகு 6,250 என்று ஏறியது. 2,400 அடி ரீலின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால்தான் அதில் எழுத முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். நள்ளிரவுப் பணியில் தவறான ரீலை மாட்டிவிடும் ஊழியரிடமிருந்து தரவைக் காப்பாற்றிய எளிய ஏற்பாடு இது.

ரீலிலிருந்து காட்ரிட்ஜுக்கு

3எம் நிறுவனம் 1972இல் கால் அங்குல நாடாவைக் காட்ரிட்ஜில் அடைத்தது. 1984இல் ஐபிஎம்மின் 200 எம்பி கொண்ட 3480 காட்ரிட்ஜும், டெக் நிறுவனத்தின் 94 எம்பி டிகே50உம் வெளிவந்தன. பின்னதிலிருந்து டிஎல்டி என்ற நாடா வகை வளர்ந்தது. 1987இல் எக்ஸாபைட் நிறுவனம் வீடியோ கேமராவின் 8 மிமீ நாடாவையும், 1989இல் ஹெச்பியும் சோனியும் இசைக்கான டாட் கேசட்டையும் சர்வருக்குக் கொண்டுவந்தன. விலை குறைவு என்பதால் சிறு அலுவலகங்கள் இவற்றை வாங்கிக் குவித்தன. சுழலும் தலை நாடாவில் உராய்ந்ததால் தேய்மானம் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒருவர் நாடாவை மற்றவர் டிரைவ் படிக்காதது.

ஹெச்பி, ஐபிஎம், சீகேட் மூன்றும் கூடி உருவாக்கிய எல்டிஓ என்ற பொதுத்தரம் 2000இல் 100 ஜிபியுடன் விற்பனைக்கு வந்து இந்தப் போட்டியை முடித்துவைத்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை 12 டிபி, 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டிபி கொள்ளும். காட்ரிட்ஜ் உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி. எட்டாம் தலைமுறைப் பெட்டிக்குள் 960 மீட்டர் நாடா, அதன் அகலத்தில் 6,656 தடங்கள். எழுதும் தலைக்குப் பின்னாலேயே படிக்கும் தலை வந்து, எழுதியது சரிதானா என்று அப்போதே பார்த்துவிடும். ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால் எழுத்து தடைபடும். பழைய வளையத்தின் வாரிசு அது.

தேர்வு

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி நாடா வாங்கக் கூடாது. 12 டிபி நாடாவை 30 டிபி என்று போட்டிருப்பார்கள். அது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற கணக்கு. புகைப்படமும் வீடியோவும் சுருங்காது. தலைமுறைப் பொருத்தமும் முக்கியம். ஏழாம் தலைமுறை வரையிலான டிரைவ்கள் முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எட்டும் ஒன்பதும் முந்தைய ஒன்றை மட்டுமே படிக்கும். பத்தாம் தலைமுறை டிரைவ் தன் தலைமுறையைத் தவிர வேறெதையும் படிக்காது. ஆகவே பழைய டிரைவைத் தூக்கி எறியும் முன் அலமாரியில் உள்ள நாடாக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிரைவ் வினாடிக்கு 300 எம்பி அளவில் எழுதும். 1 கிகாபிட் நெட்வொர்க்கில் 120 எம்பிக்கு மேல் வராது. தரவு வரத் தாமதமானால் டிரைவ் நாடாவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிடும். இது தொடர்ந்தால் தலையும் தேயும், நாடாவும் தேயும். முதலில் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து அங்கிருந்து நாடாவுக்கு அனுப்புவதே சரியான முறை.

மென்பொருள்

யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 1979இல் வந்த டார், நாடாவுக்கென்றே எழுதப்பட்டது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் அமாண்டா 1991இலும், பாகுலா 2000க்குப் பின்பும் வந்தன, இரண்டும் இலவசம். எந்த மென்பொருளாயினும் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைச் சாதாரணக் கோப்பாக நகலெடுத்தால் அந்த நகல் உதவாது. நகல் எடுக்கப்படுகிறதா என்பதை விட, எடுத்த நகல் திரும்புகிறதா என்பதே சோதிக்க வேண்டியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அன்றாட நகல் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகலால் தப்பினார்கள். சுமார் 6 மணி நேரத் தரவு போனது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயிலின் பல நகல்கள் ஒன்றாகப் பாதிக்கப்பட்டபோது, கூகுள் அஞ்சல்களை மீட்டது நாடாவிலிருந்துதான். டிரைவிலிருந்து வெளியே எடுத்து வைத்த நாடாவை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேராலும் தொட முடியாது.



2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட இந்திய விதிகளின்படி, கணக்குப் புத்தகங்களைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனிகள் அவற்றின் காப்பு நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுத்து வைக்க வேண்டும். நாடாவைப் பற்றி அவ்விதியில் எதுவும் இல்லை.