தலைக்கு மேலே இரண்டு கம்பி: மின்லாரி வரலாற்றை மறுவாசிப்பது

தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நிலைத்துவிட்ட கருவியை ‘வென்றது’ என்றும், நிற்காமற்போனதைத் ‘தோற்றது’ என்றும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். யார் நிறுத்தினார்கள், எதற்காக என்ற கேள்வியே வராது. நான் பொறியியல் படித்தவனல்ல, தமிழ் படித்தவன். ஆனாலும், மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் லாரியின் கதையை இந்தப் பழக்கத்துக்கு எதிராக வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1882 ஏப்ரல் 29 அன்று, பெர்லினை ஒட்டிய ஹாலென்சேயில், வெர்னர் ஃபான் ஸீமன்ஸ் தண்டவாளம் இல்லாத வண்டி ஒன்றைக் கம்பி மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார். பாதை 540 மீட்டர். ஜூன் 13 வரை ஓடியது. கார்ல் பென்ஸ் தன் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கேட்டதே 1886இல்தான். ஆக, ‘எதிர்காலம்’ என்று இப்போது நம்மிடம் சொல்லப்படுவது பெட்ரோல் காரைவிடப் பழையது. மின்ரயிலுக்கு ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். ரப்பர் சக்கரத்துக்கு அந்த வசதி இல்லாததால் இரண்டு கம்பி வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, லாரிக்கு இது எப்போது வசப்பட்டது? அடுத்து நாம் போக வேண்டிய இடம் தென்னாப்பிரிக்கா. 1973இல் அரபு நாடுகள் நிறவெறி அரசுக்கு எண்ணெய் மறுத்தன. 1979 புரட்சிக்குப் பின் ஈரானும் கைவிட்டது. அந்த நாட்டில் எண்ணெய் அரிது, நிலக்கரி ஏராளம். 1980களின் தொடக்கத்தில் ஸிஷென் இரும்புச் சுரங்கத்திலும் பலபோரா செம்புச் சுரங்கத்திலும் ஏற்றப்பாதைகளுக்கு மேலே கம்பி கட்டினார்கள். அந்த ராட்சத லாரிகளில் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைத்தான் சுற்றும். சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார். கம்பியைத் தொட்டதும் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்க, வண்டி முழுப் பாரத்தோடு முன்னைவிட வேகமாக மேடேறும். சூழல் அக்கறை இதற்குக் காரணமல்ல. டீசல் விலையும் தட்டுப்பாட்டு அச்சமும்தான்.

அதே கம்பி பிறகு வேறொரு சொல்லாடலுக்குள் வந்தது. 2016 ஜூனில் ஸ்வீடனின் ஈ-16 சாலையில் 2 கிலோமீட்டர். 2017இல் கலிஃபோர்னியாவின் கார்சனில், துறைமுக லாரிகளின் டீசல் புகையைச் சுவாசித்து வாழும் பகுதியில், ஒரு மைல். 2019 மேயில் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையே ஏ-5 நெடுஞ்சாலையில். ஓடும் லாரி தன் கூரைமேல் உள்ள கையை உயர்த்திக் கம்பியைப் பற்றும். முந்த வேண்டுமென்றால் கையை இறக்கிக்கொண்டு பேட்டரியிலோ டீசலிலோ ஓடும். எல்லாம் வேலை செய்தது. அப்புறம் என்ன ஆச்சு? ஸ்வீடனில் 2020இலும் ஏ-5இல் 2024 இறுதியிலும் சோதனை முடிந்தது. கம்பி நெடுஞ்சாலைகளில் பரவவில்லை.

பேட்டரி மலிந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. பேட்டரி லாரியை ஒரு முதலாளி தனியாக வாங்கிக்கொள்ளலாம். கம்பி அப்படியல்ல. முதல் லாரி லாபம் பார்க்குமுன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கட்டியாக வேண்டும். அதை அரசோ சமூகமோ பொதுவில்தான் செய்ய முடியும். பொதுவில் திட்டமிடும் மனத்தையே சந்தை கேலிப்பொருளாக்கிவிட்ட காலத்தில் கம்பி ‘தோற்பது’ இயல்பு. இது பொறியியல் தோல்வி இல்லை.

அதற்காகக் கம்பியை நம் தோழனாக்கிக் கொண்டாடவும் நான் தயாரில்லை. நிறவெறி அரசின் சுரங்கத்தில் தடையின் வலியைக் குறைக்க உதவியதும் இதே கம்பிதான். ‘பசுமை’ என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். பேட்டரியோ கம்பியோ, எது வந்தாலும் கேட்க வேண்டியவை பழைய கேள்விகள்தான்: தோண்டுவது யார்? புகையைச் சுவாசிப்பது யார்? கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த அறையில் இவர்களில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?