கருப்பூரிலிருந்து காந்திநகர் வரை

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், கருப்பூரில் இருக்கிறது பெரியார் பல்கலைக்கழகம். 1997 செப்டம்பர் 17இல் தொடங்கியது. அதற்கு முன் இந்த வட்டாரக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. இங்கே எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், சென்னையில்தான் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று வீட்டுப் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆனால் ஆய்வேடு கடக்க வேண்டிய படிகள் குறையவில்லை.

அதன் முதல் உருவம், பதிவின்போது கொடுக்கும் சில பக்க ஆய்வுத் திட்டம். பிறகு பாடநெறித் தேர்வு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட் படித்து, 55 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் மேலே போகலாம். குறைந்த காலம் மூன்று ஆண்டு, கூடியது ஆறு. அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவில் மேலும் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு சலுகை. மகப்பேற்றுக்கு 240 நாள் விடுப்பு. அந்த விதிகளில் மனிதரை நினைத்து எழுதிய வரி இதுதான் என்பேன். பகலில் தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்து, இரவில் குழந்தை தூங்கிய பிறகு ஆய்வேட்டைத் திறக்கும் பகுதிநேர ஆய்வாளர்கள் நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் நிறையப் பேர்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நிற்க வேண்டும். ஆய்வாளர்கள் இதை ‘டி.சி. மீட்டிங்’ (டாக்டோரல் கமிட்டி கூட்டம்) என்பார்கள். கையெழுத்து வாங்கும் சடங்காகவும் இது முடியலாம். நல்ல குழு அமைந்தால் ஆய்வேட்டின் போக்கையே மாற்றவும் செய்யலாம். “இதுவரை யார் யார் இதைச் செய்திருக்கிறார்கள்? அவர்கள் விட்ட இடம் எது? நீங்கள் புதிதாகச் சொல்வது என்ன?” இந்த மூன்று கேள்விக்கும் தாளைப் பார்க்காமல் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு, எழுதவும் தெரிந்துவிடும். ஆய்வுத் திறனும் சொல்லும் திறனும் தனித்தனி என்று நான் நம்பவில்லை. சொல்லத் தடுமாறும் இடத்தில்தான் பெரும்பாலும் ஆய்வும் ஓட்டையாக இருக்கிறது.

ஆய்வுச் சுருக்கம் ஒப்படைத்த பின், பிறர் எழுத்தோடு ஒப்பிடும் மென்பொருள் சோதனை. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் பதிவே போய்விடும். எங்கிருந்து எடுத்தார் என்பதை அந்த மென்பொருள் காட்டும். சிந்தித்தாரா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். 2016 விதிகளில் ஆய்விதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை என்று கட்டாயம் இருந்தது. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகிக் கிடக்கும் நாட்டில், 2022இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது சரியான முடிவு.

பைண்டிங் முடிந்த ஆய்வேடு வெளித்தேர்வாளர் இருவரிடம் போகிறது. இருவரும் ஏற்றால் வாய்மொழித் தேர்வு. ஒருவர் மறுத்தால் மூன்றாமவரிடம் போகும். அவரும் மறுத்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் நிராகரிப்பு. ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி.

பொது வாய்மொழித் தேர்வு அன்று அரங்கில் நெறியாளர், வெளித்தேர்வாளர், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், பின்வரிசையில் குடும்பத்தார். வந்தவர்கள் கையெழுத்திட ஒரு தாள் சுற்றிவரும். பவர்பாயிண்ட் ஓடும். கேள்வி, பதில். பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்ததும் கைதட்டல், பொன்னாடை, சாப்பாடு. கேட்கவேண்டிய கேள்விகளை முன்கூட்டியே நண்பர்களிடம் எழுதிக் கொடுத்துவைப்பதும் நடக்கிறது. இது எனக்கு வருத்தம் தரும் வழக்கம். இத்தனை ஆண்டுப் பயணத்தில் பொதுவில் நின்று பேசக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான். அதையும் நாடகமாக்கிவிட்டால் பிறகு எதைத்தான் சோதிக்கிறோம்?

அந்த அரங்கில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வட்டாரம் ஆய்வுக்குப் பொருள் கொடுத்துக்கொண்டே இருக்கும் மண். மரவள்ளி, ஜவ்வரிசி, ஆலைக் கழிவுநீர், முட்டைக்கோழி, லாரித் தொழில், விசைத்தறி, வெள்ளைக்கல் சுரங்கம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்குச் சாம்பிள் கொண்டுவரும் பண்ணைக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: “இந்த மக்காச்சோளத்தைக் கோழிக்குப் போடலாமா, வேண்டாமா?” பூஞ்சை நச்சைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியவருக்கும் இதைவிடக் கடினமான வாய்மொழித் தேர்வு இருக்க முடியாது. ஆனால் அந்தப் பண்ணைக்காரர் அரங்குக்கு வருவதில்லை. அவரை யாரும் அழைப்பதும் இல்லை.

துறைக்கு வெளியே இருப்பவருக்கு ஆய்வைக் கொண்டுபோவது பற்றிப் பிற இடங்களில் யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் ஒரு போட்டி தொடங்கியது: மூன்று நிமிடம், ஒரே ஒரு சிலைடு, துறை தெரியாதவருக்கும் புரிய வேண்டும். அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வை எளிய கட்டுரையாக எழுதினால் பரிசு தர 2018இல் ‘அவ்சர்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. ஸ்வீடனில் தேர்வுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே ஆய்வேட்டை ஆணியடித்துப் பொதுவில் மாட்டும் பழைய வழக்கம் இன்றும் இருக்கிறது. படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கலாம்.

நம் ஆய்வேடு ஊருக்குத் தெரிவது தேர்வு முடிந்த பிறகு. பட்டம் வழங்கும் முன் அதன் மின்படி குஜராத்தின் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போய், ‘சோத்கங்கா’ தளத்தில் சேர்கிறது. பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அங்கே உள்ளன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் மரவள்ளியைப் பற்றிய ஆங்கில ஆய்வேடு, ஆத்தூர் விவசாயிக்கு அங்கே இருந்தும் இல்லாதது போலத்தான்.

பல்கலைக்கழகங்கள் இரண்டு காரியம் செய்யலாம்; செலவு அதிகம் ஆகாது. எந்த மொழியில் எழுதிய ஆய்வேடானாலும் இரண்டு பக்கம் தமிழ்ச் சுருக்கம் சேர்த்து, தேர்வுக்கு மூன்று வாரம் முன் வெளியிட வேண்டும். எந்தத் தொழிலை ஆராய்ந்தார்களோ அந்தத் தொழில் செய்பவர் இருவரை அரங்குக்கு அழைத்து, அவர்கள் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வைக்க வேண்டும். அந்தப் பதிலையும் தேர்வுக் குறிப்பில் எழுதுங்கள்.