பலகையில் நிலைத்த பெயர்

கண்டி தலதா வீதியில் கார்கில்ஸ் பெயர்ப்பலகையைக் கடந்து செல்வோர் பலர். அது ஒரு மனிதரின் பெயர் என எண்ணுவோர் சிலரே.

1844 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்ளும் இந்நிறுவனத்தின் மூலவர்கள் வில்லியம் மில்ன், டேவிட் சைம் கார்கில் என்னும் இருவர். மலைநாட்டில் கோப்பி செழித்த காலம் அது. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867 இல்தான். அதுவரை துரைமாருக்கான சீமைப் பொருட்கள் மாட்டுவண்டிகளில் மலையேறின. மன்னாரிலிருந்து மாத்தளை வழியே நடந்து வந்து கோப்பி பறித்த தமிழருக்கோ அத்தகைய கடைகளின் வாசல் எட்டாத தூரம்.

காலப்போக்கில் மில்னின் பெயர் உதிர்ந்தது. கார்கிலின் பெயர் நின்றது. 1906 இல் கொழும்புக் கோட்டையில் எழுந்த செந்நிறக் கட்டடமே அதன் அடையாளமாயிற்று. 1946 இல் நிறுவனம் சேர் சிற்றம்பலம் கார்டினர் என்ற தமிழரின் கைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1948 இல், மலையகத் தமிழர் பிரஜாவுரிமையை இழந்தனர். ஒரே இனம், இரு விதிகள்!

1983 இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் சுப்பர் மார்க்கெட் திறக்கப்பட்டபோது பழைய பெயரோடு ‘பூட் சிட்டி’ சேர்ந்தது. துரைமாரின் கடை பொதுமக்களின் கடையாயிற்று. 1999 இல் ஹங்குராங்கெத்தையில் விவசாயிகளிடமிருந்து நேரடியாக மரக்கறி கொள்வனவு தொடங்கியது. ஒருகாலத்தில் சீமைச் சரக்கு ஏறிய மலையிலிருந்து இன்று மரக்கறி இறங்குகிறது.

எழுத்தின் வடிவம் மாறலாம், நிறம் மாறலாம். கார்கில் என்ற பெயர் மாறவில்லை. அந்தச் செல்வத்துக்கு வித்திட்ட கோப்பித் தொழிலாளரின் பெயர்களைத் தாங்கத்தான் கண்டியில் ஒரு பலகையும் இல்லை.