கிண்டி ஊசியும் நுரையீரற் புற்றும்



ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து முகத்தில் தூவும். அருவியாடினால் தீராப் பிணியும் தீரும் என்பது இங்குப் பழைய நம்பிக்கை. அத்தகைய ஒரு நாளில், என்னோடு பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்த நண்பர் வந்தார். அவருக்கு நுரையீரலில் முற்றிய புற்றுநோய். மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. “உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய ஊசி உண்டாம். வயலை விற்றுப் போட்டுக்கொள்ளட்டுமா, ஐயா?” என்றார். மருத்துவம் அறியேன், வரலாறு சிறிது அறிவேன். அதனையே சொன்னேன்.

இவ்வெண்ணம் புதிதன்று. 1891இல் நியூயார்க்கு மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுற்றவர் உடலில் நோய்க்கிருமியைச் செலுத்தினார். காய்ச்சல் எழுந்தது, சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை.

நம் சென்னைக் கிண்டியில் 1948இல் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்துக்கூடம் எழுந்தது. அம்மருந்து, வலிவு குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி; உடலின் காவல் அணுக்களை அது விழிப்பிக்கும். கனடாவில் மொராலஸ் என்பார் அதனைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இட்டுப் பயன் கண்டதை 1976இல் வெளியிட்டார். அம்முறை இன்றும் உள்ளது. அவ்வாண்டிலேயே, நுரையீரற் புற்றை அறுத்து நீக்கியபின் மார்புக்குழியில் பி.சி.ஜி. செலுத்திய அமெரிக்கச் சிற்றாய்வும் நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்விலோ அப்பயன் காணப்படவில்லை.

எண்ணிப் பார்த்தலின் அருமையைச் செங்கற்பட்டும் உணர்த்தியது. 1968இல் அங்கே தொடங்கிய பேராய்வில் இலட்சக்கணக்கானோர் பங்கேற்றனர். பெரியோரின் நுரையீரற் காசத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது 1979இல் வெளியாயிற்று. கசப்பான முடிவுதான், ஆயினும் மறைக்காமல் உலகிற்கு அறிவித்தனர்.

காவல் அணுக்களைத் தூண்டுதல் மட்டும் போதாது, அவற்றைப் பிடித்திருக்கும் தடையையும் அகற்ற வேண்டும் எனக் கண்ட அலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வகை மருந்துகள் நுரையீரற் புற்றில் சிலருக்கு நீண்ட வாழ்வு தருகின்றன, எல்லோருக்கும் அல்ல.

“ஆகவே, ஊசி போடுவோரிடம் மூன்று கேளுங்கள்: இது முறையான ஆய்வா? யாரோடு ஒப்பிட்டு எண்ணுகிறீர்கள்? ஆய்வென்றால் என்னிடம் விலை கேட்பதேன்?” என்றேன்.

நண்பர் கேட்டார், விடை வரவில்லை. வயலை விற்கவில்லை. தம் மருத்துவர் சொன்ன வலிதணிக்கும் சிகிச்சையோடு வீட்டில் இருந்தார். அடுத்த சாரலுக்கு அவர் இல்லை. அவ்வயலில் அவர் பேரன் நாற்று நட்டான்.

செல்வங்களே, நாளை உங்களுள் ஒருவர் மெய்யான மருந்தைக் காணலாம். அன்றும் பிழைத்தோரை மட்டுமன்றி, பிழையாதோரையும் சேர்த்து எண்ணுங்கள்.