தோட்டத்து ஆபிஸ் முகவரியும் எங்கள் வீட்டு ரவுட்டரும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2021ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடிக் கிடந்த நேரம் நம் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகளின் படம் உலகச் செய்திகளில் வந்தது ஞாபகம் இருக்கும். காட்டு ஒதுக்கில், மலை உச்சியில், சுமார் 30 அடி உயரத்தில் இருந்த ஒரு மரக் குடிலில் ஏறித்தான் சிக்னல் பிடித்தார்கள். பெரியவர்கள் துணைக்குப் போனார்கள். பிள்ளைகள் முறை வைத்து பாடங்களை இறக்கினார்கள், வீட்டுவேலைகளை ஏற்றினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வெளியூரார் பாராட்டினார்கள். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஆசிரியர்கள் இரண்டு பேரும், எங்களிடம் படித்து முடித்த பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினோம். ஒதுக்கிப் போட்ட பழைய கணினி ஒன்றைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, சாதாரண தரப் பழைய வினாத்தாள்களையும் எங்கள் குறிப்புகளையும் அதில் ஏற்றி, வீட்டிலேயே ஒரு இணையத்தளமாக ஓட விட்டோம். வாடகைக்கு இடம் எடுக்கக் காசில்லை, வீட்டில் இணைப்பு இருக்கிறது, அது போதும் என்று நினைத்தோம். மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்தால் இஷா ஆகும் நேரத்தில் தளம் திறந்துவிட்டது. எல்லோருடைய கைப்பேசியிலும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

அடுத்த நாள் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை அழைத்துச் சொன்னாள், "சேர், ஒன்றும் வரவில்லை, சுற்றிக்கொண்டே நிற்கிறது." பசறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டோம். அவருக்கும் இல்லை. பிறகுதான் விளங்கியது, முதல் நாள் எல்லோரும் பார்த்தது ஒரே வீட்டின் வைஃபையில். வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறோம்.

ஏன் வெளியே இருந்து வரவில்லை என்று தேடப் போனபோது பழைய கதையொன்று கிடைத்தது. மலையகத்தாருக்குத் தெரிந்த கதைதான். ஆகவே தபாலில் இருந்தே தொடங்குகிறோம்.

தோட்டத்தில் லயத்தில் இருக்கும் ஒருவருக்குத் தனி முகவரி இருந்ததில்லை. கோப்பிக் காலம் முடிந்து தேயிலை வந்தது, 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளுக்குப் போயின. முகவரி மட்டும் அப்படியே இருந்தது: பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், தபாற்கந்தோர் ஊர். தோட்டத்துத் தபால்காரர் பையோடு டவுனுக்கு வந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு ஆபிசுக்குப் போவார். அங்கே கிளாக்கர் பிரிப்பார். பிறகு யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். "மூன்றாம் லயம், ஐந்தாம் காம்பரா" என்பது தோட்டத்துக்குள்ளே தெரிந்த அடையாளம். தோட்டத்துக்கு வெளியே அதற்குப் பொருளில்லை, ஏனென்றால் எல்லாத் தோட்டத்திலும் ஒரு மூன்றாம் லயமும் ஐந்தாம் காம்பராவும் இருக்கும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. முகவரிப் பிரச்சினை தீரவில்லை. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அதில் ஒருத்தி கல்வியியற் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவள்.

இதற்கு மக்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் வாப்பாமார் காலத்தில் முக்கியமான கடிதம் எதிர்பார்ப்பவர்கள் டவுனில் தெரிந்த நானாவின் கடை முகவரியைப் போடுவார்கள். சம்பளத்துக்குப் பிறகு சாமான் வாங்க வரும்போது கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கம்பியில் குத்திய கடிதங்கள் சின்ன வயதில் நாங்கள் பார்த்தவை. இந்தக் கடையை மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1969 ஒக்டோபரில் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் முதல் இரண்டு கணினிகள் பேசிக்கொண்டன. அந்த நாட்களில் எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை வைத்திருந்தவர் ஜோன் பொஸ்டல் என்ற தாடிக்கார விஞ்ஞானி. ஆரம்பத்தில் ஒரு நோட்டுப் புத்தகமே போதுமாக இருந்தது. 1998 ஒக்டோபர் 16இல் அவர் இறக்கும்வரை அந்தக் கணக்கு அவர் கையில்தான். உலகத்துக்கே பெரிய கிளாக்கர் அவர்.

முகவரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற கேள்வி 1977இல் வந்தது. வின்ட் சேர்ஃப் 32 பிற்று என்று முடிவெடுத்தார். ஒரு பரிசோதனைக்கு இது தாராளம் என்றுதான் நினைத்ததாக அவரே பிறகு பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 32 பிற்று என்றால் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். அன்றைய உலக சனத்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1981 செப்டெம்பரில் அது விதியாக எழுதப்பட்டது, 1983 ஜனவரி 1 முதல் எல்லோரும் அதற்கு மாறினார்கள். பரிசோதனை முடியவில்லை, அதுவே இணையமாகிவிட்டது.

முதலில் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு 18 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும் கிடைத்தன. ஃபோர்ட் கார்க் கம்பனிக்கு 19, அப்பிளுக்கு 17. ஒவ்வொன்றிலும் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேல். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் முழுச் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சம் சொச்சம். ஒரு பல்கலைக்கழகத்தின் கையில் ஒரு நாட்டுக்குக் காணும் அளவு! 2017இல் எம்.ஐ.டி. அதில் பெரும் பகுதியை விற்றது. காணி வரலாறு தெரிந்த ஊவாக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலங்கை பிந்தி வந்தது. 1990இல் நம் நாட்டுக்கான எல்.கே. பெயர் பதிவானது. பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சி அது. பல்கலைக்கழகங்களுக்கிடையில் லேர்ன் வலையமைப்பு வளர்ந்தது. 1995இல்தான் பொதுமக்கள் காசு கட்டி இணைப்பு எடுக்கக்கூடிய நிலை வந்தது. மலைநாட்டில் 1990களின் கடைசியில் கொத்மலை சமூக வானொலி ஒரு அழகான வேலை செய்தது. யுனெஸ்கோ உதவியோடு ஒரு இணைப்பு எடுத்து, மக்கள் கேட்பதை நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். ஒருவர் எல்லோருக்காகவும் போய்ச் செய்தி கொண்டுவந்தார்.

இதற்குள் அங்கே முகவரி தீரப் போகிறது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனை எழுதினார்கள், நிரந்தரத் தீர்வு வரும்வரை தற்காலிகமாக. அதுதான் நெட் எனப்படும் முகவரி மாற்றம். 1996 பெப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளை ஒதுக்கி, உள்ளே யார் வேண்டுமானாலும் பாவிக்கலாம், வெளியே செல்லுபடியாகாது என்றது.

லயக் காம்பரா இலக்கம் அதேதான். உங்கள் வீட்டுக் கணினி 192.168.1.10 என்றால் பதுளையில் ஆயிரம் வீடுகளிலும் 192.168.1.10 இருக்கும். ரவுட்டர்தான் தோட்டத்து ஆபிஸ். நீங்கள் வெளியே ஒரு கடிதம் போட்டால் ரவுட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்பி, யார் அனுப்பினார் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் கொப்பியைப் பார்த்துக் கொடுக்கும். ஆனால் நீங்கள் எழுதாமலே வெளியில் இருந்து ஒரு கடிதம் வந்தால்? கொப்பியில் இல்லை, குப்பையில் போடும். இணையத்தளம் நடத்துவது என்றால் முழுக்க இப்படிப்பட்ட, கேட்காமல் வரும் கடிதங்கள்தான்.

இது விளங்கியதும் சரிசெய்யத் தொடங்கினோம். முதலில் எங்கள் கணினியின் உள் முகவரியை நிலையாக்கினோம். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும்போது ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிடும், காம்பரா மாறிவிடும். பிறகு ரவுட்டரின் அமைப்புக்குள் போய், 80, 443 ஆகிய வாசல்களுக்கு வருபவற்றை இந்தக் கணினிக்கே கொடு என்று எழுதினோம். கிளாக்கரிடம், "இந்தப் பெயருக்கு வந்தால் நேரே அனுப்புங்கள்" என்று சொல்லி வைப்பது போல. கணினியின் தீச்சுவரிலும் அதே வாசல்களைத் திறந்தோம். இம்முறை புத்தியாக, வைஃபையை அணைத்துவிட்டு கைப்பேசி டேட்டாவில் பார்த்தோம்.

வரவில்லை. இரண்டு இரவுகள் போயின. எழுதியதை அழித்து மீண்டும் எழுதினோம், ரவுட்டரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனோம், ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம். இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அழைத்தால், "ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போடுங்கள்" என்றார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் பழைய மாணவன் ஒருவன், இப்போது பட்டம் படிக்கிறான், ஒரு கேள்வி கேட்டான்: "சேர், ரவுட்டர் தன் வெளி முகவரி என்று எதைக் காட்டுகிறது? வெளியே உள்ள தளம் எங்களுக்கு எதைக் காட்டுகிறது?" பார்த்தோம். இரண்டும் வேறு வேறு. ரவுட்டர் காட்டியது 100.72 என்று தொடங்கியது.

அதற்கும் ஒரு வரலாறு. 2011 பெப்ரவரி 3இல் உலகக் களஞ்சியத்தின் கடைசி ஐந்து பெரிய தொகுதிகளும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குக் கொடுக்கப்பட்டன. நம் ஆசியப் பதிவகமான ஏப்னிக்கில் 2011 ஏப்ரல் 15இல் தாராளக் கையிருப்பு முடிந்தது. அப்போது ஒரு நிறுவனத்துக்கு 1024 முகவரிக்கு மேல் இல்லை என்று பங்கீட்டுக் கடை மாதிரி ஆனது. வீட்டுக்கு வீடு முகவரி கொடுக்க முடியாத நிறுவனங்களுக்காக 2012 ஏப்ரலில் இன்னொரு தொகுதி ஒதுக்கப்பட்டது: 100.64 முதல் 100.127 வரை. ரவுட்டரில் இந்த எண் தெரிந்தால் அர்த்தம் ஒன்றுதான், நம் ஆபிசுக்கு மேலே இன்னொரு ஆபிஸ் இருக்கிறது. நாங்கள் நம் கிளாக்கரிடம் சொல்லி வைத்தோம். கடிதமோ மேல் ஆபிசிலேயே குப்பைக்குப் போயிருக்கிறது. எங்கள் அமைப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இந்த நிலையில் உள்ளவர்களுக்கு வழிகள் மூன்று. காசு கட்டிப் பொது முகவரி ஒன்று கேட்கலாம், எல்லாப் பொதியிலும் தரமாட்டார்கள். இரண்டாவது, ஐ.பி. ஆறாம் பதிப்பு. 1995இல் முதன்முதல் விதியாக எழுதப்பட்ட அந்த நிரந்தரத் தீர்வில் முகவரி 128 பிற்று, காம்பராவுக்குக் காம்பரா தனி முகவரி கொடுத்தாலும் தீராது. நம் நாட்டிலும் பல இணைப்புகளில் வந்துவிட்டது. ஆனால் பார்க்க வருபவரிடமும் அது இருக்க வேண்டும். மூன்றாவதுதான் நானாவின் கடை. வெளியே பொது முகவரியுள்ள ஒரு சேவையோடு எங்கள் கணினியே போய்த் தொடர்பு ஏற்படுத்தி, அதைத் துண்டிக்காமல் வைத்திருக்கும். பிள்ளைகள் அந்தக் கடை முகவரிக்கு வருவார்கள், கடை எங்களிடம் கொடுக்கும். சுரங்கம் என்று சொல்வார்கள். நாங்களே வெளியே போவதால் இரண்டு ஆபிசும் தடுப்பதில்லை. கடைக்காரர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதும் உண்மை. ஆகவே பிள்ளைகளின் பெயர், புள்ளிகள் எதையும் நாங்கள் அதில் வைக்கவில்லை. வினாத்தாள் மட்டும்.

அந்தப் பிள்ளைக்கு அன்று பின்னேரம் கணித வினாத்தாள் திறந்தது. மரத்தில் ஏறாமல், லயத்து வாசலில் இருந்து.

உங்கள் வீடுகளிலும் ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்த்து, முதல் இரண்டு எண்களை மட்டும் கீழே எழுதுங்கள். முழு முகவரியைப் போட வேண்டாம். எந்தப் பக்கத்தில் மேல் ஆபிஸ் இருக்கிறது என்று பார்த்து, இன்ஷா அல்லாஹ், அடுத்த கணினியை எந்த வீட்டில் வைக்கலாம் என்று முடிவெடுப்போம்.