விலாசம்

காஜாங்கில் மாமாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. ரசீதுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், இப்போது கூடுதலாக டீ-ஷர்ட். சனிக்கிழமைகளில் அங்கே கணக்கும் கம்ப்யூட்டரும் பார்ப்பது நான். ஒரு நாள், பாலக்கோங்கில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு சீனத் தௌக்கே போன் செய்தார். "டூயிட் சுடா மாசோக் அக்காவுன் பாரு." புதுக் கணக்கில் காசு போட்டாயிற்று என்கிறார். மாமாவுக்குப் புதுக் கணக்கு எதுவும் கிடையாது.

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொன்ன மின்னஞ்சல் எங்கள் முகவரியிலிருந்தே போயிருந்தது. எழுத்துக்கு எழுத்து அதே முகவரி. கீழே மாமாவின் பெயர், கடை எண், எல்லாம் சரி. நாங்கள் அனுப்பவில்லை, அவ்வளவுதான். மாமா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நம்ம விலாசத்துல இன்னொருத்தன் எப்படிடா கடுதாசி போட முடியும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பதில்தான் அசிங்கமாக இருந்தது. மின்னஞ்சல் எப்படிப் போக வேண்டும் என்ற விதிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி முடித்தபோது, அனுப்புநர் யார் என்று சோதிக்க அதில் ஏற்பாடு எதுவும் இல்லை. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் பயன்படுத்திய வலை அது. தபால் உறையின் பின்பக்கம் 'அனுப்புநர்' என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதே கதை. மாமாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப இத்தன வருஷமா கதவே இல்லாத வீட்லயா இருந்தோம்?" என்றார்.

அவர் சொன்ன 'விலாசம்' என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. நமக்கு அது முகவரி. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு அது வேறு. அவர்களிடம் விலாசம் என்றால் கடையின் பெயர், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக் கோவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10ஆம் தேதி தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அந்த எழுத்துகளை விரித்தால் முத்தையா, சிதம்பரம், முத்தையா, பிறகு அவர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர்கள் மாறி மாறி வரும். சிதம்பரத்துக்கு 'சி' மட்டும் போதாது, 'சிடி' வேண்டும். பழனியப்பனுக்கு 'பிஎல்', அருணாசலத்துக்கு 'ஏஆர்', ராமநாதனுக்கு 'ஆர்எம்'. ஆயிரம் முத்தையாக்கள் உள்ள ஒரு சமூகத்தில், இந்த முத்தையா எந்த வீட்டு முத்தையா என்று நான்கைந்து எழுத்தில் சொல்லிவிடும் முறை. பங்கு பிரிந்தால் விலாசமும் பிரியும். ஒரே விலாசத்தை இரண்டு கடை வைத்துக்கொள்ள முடியாது. இதைப் படித்தபோது டொமைன் பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. வேறென்ன வரும்?

கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கில் நடந்திருந்தால் அந்தப் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கிட்டங்கி என்பார்கள். நீண்ட கூடம், ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே உட்கார்ந்திருப்பவர் ஏஜெண்டு, மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர். அவர் போடும் கையெழுத்து முதலாளியைக் கட்டுப்படுத்தும். அதற்கு அவரிடம் பவர் பத்திரம் இருக்க வேண்டும். பினாங்கில் எழுதிய உண்டியலுக்கு நாகப்பட்டினத்திலோ ரங்கூனிலோ காசு கிடைத்தது என்றால், அங்கே இருப்பவருக்கு இந்த விலாசமும் தெரியும், இந்தக் கையெழுத்தும் தெரியும், ஏமாற்றினால் கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இந்த மூன்றாவதுதான் உண்மையான பூட்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் ஏஜெண்டும் மனிதன்தானே. பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால் செட்டியார் கடைகள் கொடுத்த சிறு அறிவிப்புகள் கண்ணில் படும். இன்னாருக்குக் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரம் இன்று முதல் ரத்து, இனி அவர் எங்கள் சார்பில் கையெழுத்திட முடியாது. இரண்டு மூன்று வரிதான். பின்னால் என்ன நடந்தது என்று அறிவிப்பு சொல்லாது. பெட்டியோடு போனாரா, வெறுமனே தவணை முடிந்து ஊருக்குக் கப்பல் ஏறினாரா? எனக்குச் சிறுகதை போலவே இருக்கும் வரிகள் அவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செட்டியார் வணிகத்தின் நாணயத்தைப் புகழ்ந்து எழுதுவது நம் ஊரில் எளிது. நானும் மேலே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். விலாசம் யாரிடம் யாரை நிரூபித்தது? ஒரு செட்டியாரை இன்னொரு செட்டியாரிடம், பிறகு ஒரு வெள்ளைக்கார வங்கியிடம். கடன் வாங்குபவனிடம் அது எதையும் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. காஜாங்கைச் சுற்றி ரப்பர் வேரூன்றியது 1890களில், கிண்டர்ஸ்லி சகோதரர்களின் இஞ்ச் கென்னத் தோட்டம் அதற்கு முன்னோடி. அதைத் தொடர்ந்த தோட்டங்களில் பால் மரம் சீவ வந்தவர்களில் என் பூட்டனாரும் ஒருவர். செமினிப் பக்கம் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கதை இது: மாட்டு வண்டி வாங்கக் கடன், தாளில் கட்டைவிரல் ரேகை, தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. வட்டியை இரண்டு தரம் கட்டினார் என்று பாட்டி சொல்வாள். ரசீது கேட்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டா மட்டும் படிக்கவா போறாரு?" என்றாள்.

நிலம் வைத்திருந்த மலாய் விவசாயிகளுக்குக் கதை வேறு மாதிரிப் போனது. நிலப் பட்டாவே அவர்கள் அடையாளமாகவும் அடமானமாகவும் ஆனது. நிலம் கைமாறுவதைத் தடுக்க மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு, செட்டியார் கடனும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஒரு பக்கம் ஐந்து எழுத்து, ஐந்து தலைமுறை. இன்னொரு பக்கம் ஒரு விரல்.

சரி, மின்னஞ்சலுக்கு வருகிறேன். கதவு வைக்கும் வேலை இருபது ஆண்டுகள் தாமதமாகத்தான் தொடங்கியது. முதல் பூட்டான எஸ்பிஎஃப்பை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து ஊர்க்காரர், சிங்கப்பூரின் மெங் வெங் வோங். 2006இல் அது இணைய ஆவணமாக வெளியானது. என் பெயரில் கடிதம் கொண்டுவர இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி என்று டொமைனின் பொதுப் பதிவேட்டில் எழுதி வைப்பது. பவர் பத்திரம்தான், வேறொன்றுமில்லை. அடுத்த ஆண்டே யாகூவின் முறையும் சிஸ்கோவின் முறையும் கலந்து டிகிம் வந்தது. இது கையெழுத்து. கடிதத்தை ரகசியச் சாவியால் முத்திரையிட்டு அனுப்புவார்கள். பெறுபவர் அதைப் பொதுப் பதிவேட்டிலுள்ள சாவியால் ஒத்துப் பார்ப்பார். வழியில் ஒரு கணக்கு எண் மாறினாலும் முத்திரை பொருந்தாது. 2012இல் அறிவிக்கப்பட்ட டிமார்க் கடைசிக் கேள்வியைக் கேட்டது: பத்திரமும் முத்திரையும் சரி, அவை மேலே எழுதியிருக்கும் அதே விலாசத்துக்குரியவையா? இல்லையென்றால் கடிதத்தை என்ன செய்யலாம்? விட்டுவிடவா, ஒதுக்கி வைக்கவா, திருப்பி அடிக்கவா? விலாசத்துக்காரரே அதை முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து, பெருமளவில் கடிதங்கள் அனுப்புவோருக்கு மூன்றையும் கட்டாயமாக்கின.

மலேசியாவில் மின் கையொப்பச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது என்பதும் இதில் ஒரு வேடிக்கை. ஆசியாவில் முதலில் வந்தவற்றில் ஒன்று. மாமா வருடா வருடம் வருமான வரியை இணையத்தில் கட்டும்போது மின் கையொப்பம் இடுகிறார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் தௌக்கேவுக்கு அனுப்பும் பில்லில் எந்தக் கையொப்பமும் இல்லை.

எங்கள் டொமைனைத் திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் இல்லை. டிகிம் இல்லை. டிமார்க் இல்லை. மூன்றும் சேர்ந்து ஒரு மத்தியான வேலை, காசு செலவில்லை. செய்யாமல் விட்டது நான்தான். மாமாவிடம் இதைச் சொல்ல இரண்டு வாரம் ஆனது. பெரிய கம்பெனிகளின் கடிதத்துக்குப் பக்கத்தில் இப்போது லோகோவும் நீல டிக்கும் தெரிகிறதே, அது நமக்கும் வருமா என்று அவர் கேட்டார். அதற்குப் பதிவு செய்த வணிகச் சின்னம் வேண்டும், சான்றிதழுக்கு வருடா வருடம் கட்டணம் வேண்டும் என்றேன். "ஐயரு வர்ற வரைக்கும் அமாவாசை நிக்காதுடா, உள்ளத செய்," என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி ஒருவன் புது டொமைன் வாங்கினால், அவனும் மூன்று பூட்டையும் போட்டுக்கொள்ளலாம். அவன் விலாசம் அவனுக்குச் சுத்தமானது. அது யார் வீட்டு விலாசம் என்று எந்த சர்வரும் கேட்காது. கிட்டங்கியில் யாராவது கேட்டிருப்பார்கள். என் பூட்டனாரைப் போன்றவர்களுக்கு அந்தக் கூடத்துக்குள் உட்கார இடமில்லை என்பதையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

தௌக்கேவுக்குப் போன காசு திரும்பவில்லை. பாதியை மாமா ஏற்றுக்கொண்டார், எட்டு மாதம் வேலையில் கழித்தார். பதிவேட்டில் 'ரிஜெக்ட்' என்று நான் எழுதி வைத்த பிறகும், ஒவ்வொரு பில்லுக்கும் தௌக்கே போன் செய்கிறார். மாமா மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மலாயில் சொல்கிறார். அந்தப் பக்கம் தௌக்கே அதைத் திருப்பிச் சொல்வது எனக்கும் கேட்கும்.